பதினைந்தாகிப்போன ஆக்சிஜன்

இந்தோனேசியாவின் மாலாங் நகரத்தில் ஒரு கல்லூரி. அங்கே வேதியியல் துறையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் பிரசோஜோவின் வேலை. பட்டம் வாங்காத மனிதர். ஆனாலும் கிழக்கு ஜாவாவின் நீர்ப் பரிசோதனைக் கூடங்களில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. காரணம், 'லாருத்தான்' என்ற கணக்கு மென்பொருள். பேராசிரியர் ஒருவர் எழுதிக் கிடப்பில் போட்டிருந்ததை எடுத்துச் சீர்செய்து, விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று எதில் போட்டாலும் ஓடும்படி ஆக்கியவர் பிரசோஜோ. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, பேருந்து பிடித்துப் போய், தானே நிறுவிக்கொடுப்பார். எந்தக் கணினியானாலும் விடை ஒன்றுதான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

சித்துபொண்டோ என்ற கடற்கரை ஊரில் இறால் பண்ணைகளுக்கு நீர் பரிசோதிக்கும் கூடத்தில் ஆய்வாளராக இருந்தவர் வினார்னி. ஐம்பதை நெருங்கிய பெண்மணி, அதிகம் பேசாதவர்; எல்லோரும் 'இபு', அதாவது 'அம்மா', என்றே அழைப்பார்கள். பிரசோஜோ நடத்திய பயிற்சி வகுப்பில் அவர் ஒரு நோட்டோடு எழுந்து நின்றார். நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை லாருத்தான் எப்போதும் குறைத்தே காட்டுகிறது, கையால் கணக்குப் போட்டால் கூடுதலாக வருகிறது என்றார். நோட்டை நீட்டவும் செய்தார்.

பிரசோஜோ அதை வாங்கவில்லை. "கம்ப்யூட்டருக்குக் கண்ணாடி தேவைப்படறதில்ல, இபு. நீங்க வேணும்னா உங்க கண்ணாடிய மாத்திப் பாருங்க" என்றார்.

நாற்பது பேர் சிரித்தார்கள். வினார்னியின் மேலதிகாரி ஹர்யோனோவும் சிரித்தார். அந்த அம்மாள் நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து வினார்னியை ஆய்வு மேசையிலிருந்து எடுத்து, மாதிரி பாட்டில்களைப் பதிந்து வாங்கும் இடத்தில் போட்டார்கள். பண்ணைக்காரர்களின் மீட்டர் ஒன்று சொல்ல, லாருத்தானில் கணக்கிட்ட அவருடைய அறிக்கை வேறொன்று சொன்னது. நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்துச் செய்யும் பரிசோதனை அது; கண் பார்வை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஹர்யோனோ ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லி, நீங்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டீர்களே என்று பிரசோஜோவின் தோளைத் தட்டினார். பிரசோஜோ புன்னகைத்தார்.

அடுத்த மாதம் துறைக்குப் புதுக் கணினி வந்தது. எல்லாம் இந்தோனேசிய மொழியிலேயே அமைக்கப்பட்டிருந்தது. வழக்கம்போல லாருத்தானை ஏற்றிச் சோதித்தார். பழைய கணினி காட்டியதைவிட ஆக்சிஜன் நூற்றுக்கு ஆறு குறைந்தது.

அணு எடைப் பட்டியலைத் திறந்தார். ஆக்சிஜன் 15.999. பட்டியல் சரிதான். ஆனால் அந்த நாட்டில் தசமத்துக்குக் காற்புள்ளிதான் போடுவார்கள். ஆங்கில அமைப்பில் இருக்கும் கணினி புள்ளியைத் தாண்டிப் படிக்கும். உள்ளூர் அமைப்பில் இருப்பது புள்ளியோடு நின்றுவிட்டு, மிச்சத்தை வாய் திறக்காமல் விட்டுவிடும். ஏறக்குறைய பதினாறாக இருக்க வேண்டியது பதினைந்தாகிவிட்டது. அவர் இதுவரை சோதித்த கணினிகள் எல்லாமே ஆங்கிலத்தில் அமைந்தவை. சித்துபொண்டோவில் இருந்தது அப்படி இல்லை. அவருக்குக் காது மடல் சுட்டது.

திருத்துவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புதிய பதிப்பை முப்பத்தொரு கூடங்களுக்கும் அனுப்பினார். என்ன மாறியிருக்கிறது என்ற இடத்தில் 'சிறு மேம்பாடுகள்' என்று மட்டும் எழுதினார். எழுதும்போதே அது எவ்வளவு கேவலம் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. மனைவி தியாஸ்துதி விடாமல் கேட்க, கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மா பேர அதுல எழுதினீங்களா?" என்றாள்.

மறுநாளே சித்துபொண்டோவுக்குப் போனார். வினார்னி பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். பிரசோஜோ நேராக அவர் மேசைக்குப் போனார். ஆங்கில அமைப்பிலும் உள்ளூர் அமைப்பிலும் இருந்த இரண்டு கணினிகள் கொடுத்த விடைகளை அச்சடித்து வந்த தாளை மேசைமேல் வைத்தார். வினார்னி நிதானமாகப் படித்தார்.

"அப்போ, தப்பு என் கண்ணுல இல்ல."

"இல்ல, இபு. என்மேலதான். மன்னிச்சிருங்க."

"இத எங்கிட்ட ஏன் தனியா வந்து சொல்றீங்க?" அவர் குரல் உயரவேயில்லை. "அன்னிக்கு நாப்பது பேருக்கு முன்னால இல்ல சொன்னீங்க?"

அவர் அடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

பிரசோஜோ அங்கிருந்து ஹர்யோனோவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். பழைய அறிக்கைகளைக் கிளறினால் எல்லோருக்கும் தலைவலி, விட்டுவிடுங்கள் என்றார் அவர். பிரசோஜோ விடவில்லை. மாலாங் திரும்பியதும் முப்பத்தொரு கூடங்களுக்கும் கடிதம் எழுதினார். எந்தக் கணினிகளில் எந்த விடைகள் தவறு, முதலில் கண்டு சொன்னது யார், அதற்குத் தான் கொடுத்த பதில் என்ன என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பதிலைத் தன் கையாலேயே எழுத வேண்டியிருந்தபோது அவருக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

இரண்டு கூடங்கள் லாருத்தானைக் கைவிட்டன. துறைத் தலைவர் கூப்பிட்டுத் திட்டினார். வினார்னியை மறுபடி ஆய்வு மேசைக்கு அழைக்கவில்லை. அந்த இடத்தில் வேறு ஆள் வந்தாகிவிட்டது. பதிவு மேசையிலிருந்தே அவர் ஓய்வு பெற்றார். பிரசோஜோவின் கடிதத்துக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை.

இப்போதும் பிரசோஜோ ஊர் ஊராகப் போய் நிறுவிக்கொடுக்கிறார். நிறுவி முடித்ததும், அங்கிருக்கும் ஆய்வாளரிடம் ஒரு கணக்கைக் கையால் போட்டுக் காட்டச் சொல்கிறார். சிலருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். முடியும்வரை பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.