பாதி முட்டை

எடை மிஷின் முள்ளு நகரவே இல்ல. மூணு மாசமா அதே ஒம்பது கிலோ. புள்ளைக்கு வயசு மூணரை. அங்கன்வாடி டீச்சரா பதினாறு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன், இப்படி ஒருத்தி என்னைப் படுத்தினதில்ல. அடுத்த எடையிலயும் ஏறலைன்னா பெரியாஸ்பத்திரியில பதினஞ்சு நாள் சேர்க்கணும்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. புள்ளையோட அம்மா நடவுக்குப் போறவ. ஆஸ்பத்திரியில போய் உக்காந்தா இந்த வருஷ நடவு போச்சு, மத்த ரெண்டு புள்ளைங்களுக்கு உலை வைக்கவும் ஆள் இல்ல.

மாசாமாசம் சத்துமாவு பாக்கெட் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எங்கதான் போகுது அந்த மாவு? அவ அம்மா ஆட்டுக்குட்டிக்குக் கரைச்சு ஊத்துறாளோன்னு எனக்குச் சந்தேகம். ஒருநாள் காலையில சொல்லாம கொள்ளாம அவ வீட்டு வாசல்ல போய் நின்னேன். வெல்லம் சேர்த்து உருண்டை பிடிச்சுக்கிட்டிருந்தா. அஞ்சு உருண்டை. அவ புள்ளைங்க மூணு, பக்கத்து வீட்டுப் புள்ளைங்க ரெண்டு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இது ஒரு புள்ளைக்குக் குடுக்குறது, ஊருக்கே பந்தி வைக்கவான்னு கத்தினேன். அவ நிதானமா சொன்னா:

“மத்ததுங்க வாயப் பாத்துக்கிட்டு நிக்கையில இது மட்டும் எப்படிங்க டீச்சர் திங்கும்? வயிறு வலிக்காதா?”

பாக்குற கண்ணுக்குக் குடுக்காம தின்னா வயித்துவலி வரும்னுதான் என்னையும் வளர்த்தாங்க.

வீட்டுக்கு வந்தா என் மகன், பதினோரு வயசு, ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு சிப்ஸ் பாக்கெட்டை ஒத்தையா முடிச்சுக்கிட்டிருந்தான். எடை ஜாஸ்தி, குறைக்கணும்னு ஸ்கூல்ல சீட்டே குடுத்துட்டாங்க. வாங்கிக் குடுக்குறதும் நான்தான், திட்டுறதும் நான்தான். அவனுக்கு ஒருநாளும் வயிறு வலிச்சதில்ல. அப்பத்தான் தோணுச்சு, கதவைச் சாத்திட்டா யார் பாக்கப் போறா?

மறுநாள் மத்தப் புள்ளைங்க எல்லாம் போனதும் அந்தப் புள்ளையை மட்டும் நிறுத்தி வச்சேன். கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்தினேன். வீட்டுலேர்ந்து கொண்டுபோன அவிச்ச முட்டையைத் தட்டுல வச்சு, தின்னுடின்னேன். முழுசா உள்ள போறதைக் கண்ணால பாத்துடணும்னு எதிர்லயே உக்காந்தேன். அது முட்டையை ரெண்டாப் பிட்டுச்சு. ஒரு பாதியை என்கிட்ட நீட்டுச்சு.

“நீயும் தின்னு டீச்சர். நீ பாத்துக்கிட்டே இருக்கியே.”

வேணாம்னேன். அதட்டினேன். செவுத்துப் பக்கம் திரும்பி உக்காந்துகூடப் பாத்தேன். நீட்டின கை இறங்கல, அதோட பாதியும் தட்டுலயே கிடந்துச்சு. கடைசியில வாங்கி வாயில போட்டேன். அதுக்கப்புறம்தான் அந்தப் புள்ளை தின்னுச்சு. எடை போடுற நாள் வரைக்கும் தினமும் இதே கதைதான்.

எடை போட்டேன். அதே ஒம்பது கிலோ. ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினப்ப, மத்த ரெண்டையும் யார்கிட்ட விட்டுட்டுப் போறது டீச்சர்னு அவ அம்மா கேட்டா. நான் மனசுக்குள்ள எண்ணினேன்: கூடப்பொறந்ததுங்க ரெண்டு, பக்கத்து வீட்டுப் புள்ளைங்க ரெண்டு. அந்தப் புள்ளை பங்கைத் தின்ன அஞ்சாவது ஆளு, எம்பத்தோரு கிலோ இருக்கிற நான்.