நம்ம கால்

வீட்டு நர்ஸ் வேலையில் அவளுக்கு இரண்டு முறை முதுகு பிடித்துக்கொண்டது. மூன்றாம் முறை பிடிப்பதற்குள் ஜெர்மன் பேசும் ஊருக்குப் போய்விட வேண்டும். அங்கே நோயாளியைத் தூக்க மெஷின் இருக்கிறதாம். அவளுடைய வெளிநாட்டு ஆசை அவ்வளவுதான். பேச்சுத் தேர்வில் தேறினால் வேலை.

பஸ்ஸில் தொங்கிக்கொண்டே பாடம் சொல்லிப் பார்ப்பாள். தமிழில் எதைச் சொன்னாலும் ஒரே 'என்'. ஜெர்மனில் கை பெண்பால், அதனால் 'மைனே ஹாண்ட்'. புஜம் ஆண்பால், அதனால் 'மைன் ஆர்ம்'. தோளிலிருந்து விரலுக்கு வருவதற்குள் 'என்' வேஷம் மாறிவிடும். அதையும் ஒருவழியாக விழுங்கிவிட்டாள். தொண்டையில் நின்றது வேறு. நோயாளியிடம் 'ஈர் பைன்', உங்கள் கால், என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'உன்ஸர் பைன்', நம்ம கால், என்றே வந்தது.

"அது உங்க காலா?" என்று ஜெர்மன் வகுப்பில் வாத்தியார் கேட்டார்.

"தூக்குறது நான்தானே சார்."

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. அங்கே அப்படிப் பேசினால் பெரியவர்களைக் குழந்தையாக்குவது போலாகிவிடுமாம்.

இவளுக்கோ பழக்கதோஷம். நம்ம மாத்திரையைப் போட்டுக்கலாமா, நம்ம முதுகைத் திருப்பலாமா என்று சொல்லியே காரியம் சாதிப்பவள். தேர்வன்று காலை கங்கணம் கட்டிக்கொண்டாள்: இன்று முழுக்க 'உங்க'தான்.

அவள் பார்த்துக்கொள்வது பக்கவாதம் வந்த ஒரு தையல்காரம்மாவை.

"அம்மா, உங்க காலைத் தூக்குங்க. உங்க துணியை மாத்தணும்."

தையல்காரம்மா கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "என்னடி, நேத்து வரைக்கும் நம்ம காலு. இன்னிக்கு எனக்கே எழுதி வச்சிட்டியா? பொட்டி கட்டுறவ பேச்சு இது. மாத்திக்கமாட்டேன், போ."

கெஞ்சினாள், மிரட்டினாள். அவர் கம்பியை விடவில்லை. ராத்திரி நனைந்த துணியோடு விட்டுப் போனால் முதுகில் புண் வைத்துவிடும்.

"சரி தாயே, நம்ம காலுதான். நம்ம காலைத் தூக்குவோமா?"

கை கம்பியை விட்டது.

தேர்வுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தாள். நோயாளியாக நடித்த தேர்வாளர், எழுந்திருக்கமாட்டேன் என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். காலையில் பார்த்த அதே பிடி. அசதியில் இவள் கை தானாக அவர் முழங்காலுக்கு அடியில் போனது. பின்னாலேயே வாயும் போனது. "உன்ஸர் பைன்..."

தேர்வாளரின் புருவம் ஏறியது. திருத்தப் போனவளுக்கு நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரி ஈர், ஈரே, ஸைன் என்று எல்லாம் சிதறின. அடுத்த முறை வரச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் தையல்காரம்மா காத்திருந்தார். "நம்ம பரீட்சை என்னாச்சு?"

"ஊத்திக்கிச்சு."

"அழுதியா?"

"அதுக்கு ஏதும்மா நேரம்? நம்ம முதுகு அடுத்த பரீட்சை வரைக்கும் தாங்கணும். நல்ல கையால கம்பியைப் பிடிச்சு நீங்களும் கொஞ்சம் எழும்புங்க."

முனகிக்கொண்டே பிடித்தார். பாரம் அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை.