அவன் அனுப்பிய சந்தைப் படங்கள்

கல்யாண வீடுகளில் நான் படம் எடுக்கையில் எனக்கு லைட் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். பிறகு தானும் கமரா வாங்கினான். மன்னாரில் இருவரும் சேர்ந்து ஸ்டூடியோ நடத்தினோம். இப்போது இங்கிலாந்தில், வாரத்துக்கொரு நாள் சந்தை கூடும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். போன மாதம் சந்தையன்று கால்போன போக்கில் நடந்து எடுத்த படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்.

கல் பதித்த சதுக்கம், கோடு போட்ட கூடாரங்கள், மழை ஈரத்தில் மினுங்கும் ஓட்டுக்கூரைகள். மனைவி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன வடிவு! மீன்கூட ஐஸுக்கு மேல நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடக்குது."

"அந்த நாட்டு வெளிச்சத்தில ஆர் எடுத்தாலும் அப்பிடித்தான் வரும்" என்றேன்.

அது பொய். பூக்கடைக்காரி ஒருத்தி குளிருக்குக் கைகளை ஊதிக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து ஆவி எழும் கணத்தைச் சரியாகப் பிடித்திருந்தான். நானென்றால் சற்று முந்திப் பொத்தானை அமத்தியிருப்பேன். அவன் இருக்கும் ஊரைக் கண்டு வந்த எரிச்சல் இல்லை. படம் நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றை எரித்தது.

மறுநாள் விடிய நானும் கமராவோடு மீன் சந்தைக்குப் போனேன். பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா கத்தியை நிறுத்தினா.

"தம்பி, மீன் வாங்க வந்தனியோ, என்னைப் படம் எடுக்க வந்தனியோ?"

"உங்களைத்தான் அக்கா."

"அப்ப பொறு, முகத்தைக் கழுவிட்டு வாறன்."

முகம் கழுவி, பவுடர் பூசி, கலியாணப் பெண்போல விறைத்து நின்றா. அவவுக்குப் பின்னால் ஒரு கழுதை மீன் பெட்டிக்குள் தலையை விட்டது. யாரோ கத்த, அவ திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்த நேரம் அமத்தினேன்.

அந்த ஒரு படத்தை மட்டும் அனுப்பினேன். அவனிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"மச்சான், இது நான் எடுத்திருக்க வேணும். இஞ்ச ஆரும் எனக்கு இப்பிடிச் சிரிக்கமாட்டினம். தூரத்தில நிண்டு களவாத்தான் எடுக்கிறன்."

குரல் தழுதழுத்தது. நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

"அந்தப் பெடியன் அழுறான்போல கிடக்கு, நீங்கள் சிரிக்கிறியள்" என்றாள் மனைவி.

கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது. பிறகு, பனி கொட்டிய ஒரு தெருவை எடுத்து அனுப்பியிருந்தான். உடனே அதைப் பெரிதாக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.