ஊசிக்குத் தெரிந்த பூர்வீகம்

அந்தப் புறநகரில் 'நாங்கள்தான் பூர்வகுடி' என்று மார்தட்ட யாருக்கும் வழியில்லை. எல்லாருமே பிழைக்க வந்தவர்கள். கடையிலும் பஸ்ஸிலும் பொதுப்பேச்சைத்தான் பேசுவார்கள். யார் எங்கிருந்து வந்தவர் என்று கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு.

பல் டாக்டரின் உதவியாளரான பல்லக்காவுக்கு மட்டும் அது சுலபம். மரப்பு ஊசி ஈறில் இறங்கும்போது எப்பேர்ப்பட்ட ஆளும் தன் வீட்டு மொழியில்தான் கத்துவார். தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்தான் என்று பீற்றிக்கொண்ட வங்கி மேனேஜர் ஒரே ஊசியில் கடல் தாண்டிப் போய்விட்டார். வம்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அதில் தீராத ஆசை.

அவளுடைய மகன் ஒரு பெண்ணைக் காதலித்து, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பெண்ணின் அம்மா தையல்காரி. எப்படிக் கேட்டாலும் பூர்வீகத்தைச் சொல்லாமல் மழுப்பினாள்.

"யாரு எவருன்னு தெரியாம எப்படிடா சரின்னு சொல்றது?"

"அவங்களுக்கும் ஊசி போட்டுப் பாத்தாதான் உனக்குத் திருப்தியாகும்," என்றான் மகன் கடுப்போடு.

அவன் வாய்முகூர்த்தம், தையல்காரி கன்னம் வீங்கி வந்து நாற்காலியில் சாய்ந்தாள். பல்லக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிடித்துக்கொள்ளத் தன் கையைக் கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். டாக்டர் ஊசியை இறக்கினார்.

தையல்காரி மூச்சு காட்டவில்லை. கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்துப்போன கையால் பல்லக்காவின் விரல்களை நெரித்துவிட்டாள். பல்லக்காதான் அலறினாள். அதுவும் தன் தாய்மொழியில் இல்லை! அம்மா ஆலைக்குப் போன காலத்தில் அவளை இடுப்பில் சுமந்து வளர்த்த பக்கத்து வீட்டுக்காரியின் மொழியில். அது தனக்குள் இன்னும் இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது.

டாக்டர் ஊசியை எடுத்ததும் தையல்காரி சடக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"நீங்க எங்காளுங்களா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? யாரோ எவரோன்னு நானும் எம் பொண்ணுகிட்ட வேண்டாம்னு சொல்லிக்கிட்டிருந்தேனே!"

பல்லக்கா இத்தனை நாளும் பரீட்சை வைப்பது தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். இப்போது தலையாட்டினால் போதும், கல்யாணம் நிச்சயம். மகனை நினைத்தாள். ஆனாலும் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"உங்காளு இல்லைங்க. உங்காளு ஒருத்தர் தூக்கி வளத்த பொண்ணு. பரவாயில்லைன்னா உங்க பொண்ணை எங்களுக்குக் குடுங்க."

தையல்காரி சிவந்துபோன அந்த விரல்களை நீவிவிட்டு, ரொம்ப வலிக்கிறதா என்று தன் மொழியில் மெல்லக் கேட்டாள். பல்லக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.