நான் சேர்த்த நிபந்தனை

தூசியில் வேலை செய்பவருக்கு நெஞ்சு கெட்டுவிட்டது என்று தோட்ட மருந்தகத்திலிருந்து எழுதிக் கொடுத்தால், அவரைத் தூசியில்லாத வேலைக்கு மாற்ற வேண்டும். எங்கள் கம்பெனியின் சுற்றறிக்கை அவ்வளவுதான் சொன்னது. நோயாளி நல்லவராக இருக்க வேண்டும், சொன்ன பேச்சுக் கேட்க வேண்டும் என்றெல்லாம் அதில் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். சுற்றறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கோப்பில் போட்டு வைத்திருந்தவன் நான்தான்.

1960ஆம் ஆண்டு தை மாதம். இலங்கையில், ஹட்டனுக்கும் வட்டவளைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்தாளராக இருந்தேன். தொழிலாளர்கள் ‘டாக்டர் ஐயா’ என்பார்கள். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் ஒருநாள்கூடத் திருத்தியதில்லை.

ஒரு காலை ஸ்டோரிலிருந்து ஒருவர் வந்தார். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். தேயிலை சலிக்கும் அறையில் அவருக்குப் பதினாறு வருட வேலை. அந்த அறையில் எதிரே நிற்பவரின் முகம் தெரியாத அளவுக்குத் தூசி பறக்கும். மருந்தகத்தின் படிகளில் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறி வந்தார். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. சீட்டு எழுதப் பேனாவை எடுத்தபோது அவருடைய சட்டைப் பையில் பீடிக்கட்டு தெரிந்தது. பேனாவை மூடினேன்.

“மொதல்ல இத நிறுத்து. முப்பது நாள் குடிக்காம இருந்து காட்டு. அப்புறம் எழுதுறேன்” என்றேன். என்னைவிட மூத்தவர். அப்போது அவர்களிடம் அப்படித்தான் பேசுவோம்.

“விடணும்னுதாங்க இருக்கு” என்றார் அவர். “விடியக்காலையில ஒன்னு இழுத்தாத்தான் சளி கழண்டு வருதுங்க. இல்லாட்டி பெரட்டுக்கு வர்றதுக்குள்ள நெஞ்சு அடைச்சிக்கிது.”

வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு நேரத்தில் வராவிட்டால் அன்றைய வேலை போய்விடும். அவர் சொன்னது நடைமுறைக் கணக்கு. நான் அதைப் பீடிக்காரனின் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

பத்தொன்பது நாள் அவர் பீடியைத் தொடவில்லை. விட்ட புதிதில் சிலருக்கு இருமல் கூடத்தான் செய்யும். அவருக்கும் கூடியது. இருபதாம் நாள் அவராகவே வந்து, “நேத்து ஒன்னு குடிச்சிட்டேனுங்க” என்றார். யாரும் பார்க்கவில்லை, யாரும் கோள் சொல்லவில்லை. நான் நாட்காட்டியில் போட்டிருந்த கோடுகளை அடித்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் முறை பன்னிரண்டு நாள். மூன்றாம் முறை இருபத்து மூன்று. ஒவ்வொரு முறையும் அவரேதான் வந்து சொன்னார். ஒரு பொய் சொல்லியிருந்தால் சீட்டு கிடைத்திருக்கும்.

மூன்றாம் முறைக்குப் பிறகு அவருடைய மனைவி கொழுந்துக் கூடையோடு வந்து வாசலில் நின்றார். “ஏங்கய்யா, அவரு பீடிய விட்டா அந்தத் தூசு அவர விட்டுருமா? பீடி அவரு கையில இருக்கு. தூசு யாரு கையிலங்க இருக்கு?”

“ஒழுங்குன்னு ஒன்னு இருக்கு” என்றேன். எந்த ஒழுங்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கோப்பிலிருந்து ஒரு சுற்றறிக்கையைக்கூட எடுத்துக் காட்டியிருக்க முடியாது.

ஆடி மாதம் ஒரு பிற்பகல். மருந்தகத்தின் பின்புறம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐம்பது சிகரெட் அடங்கிய தகர டப்பா இரண்டு நாளைக்கு வராத காலம் அது. இருமல் மருந்துக்காகச் சுற்றி வந்த அந்த ஸ்டோர்க்காரர் என்னைப் பார்த்துவிட்டார். நான் கையைப் பின்னால் கொண்டுபோனேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: “குடிச்சு முடிங்கய்யா. நான் நிக்கிறேன்.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். பாதியில் அணைத்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் எனக்குக் கொடுத்த சலுகை அது.

மறுநாள் நானும் விட்டுப் பார்த்தேன். நெஞ்சு நன்றாக இருந்தவன், மூன்று வேளையும் சாப்பிடுகிறவன், விடியற்காலைக் குளிரில் மேட்டில் ஏற வேண்டாதவன். முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் உதவியாளரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள் மாலை, நான் குப்பையில் போட்ட டப்பாவை நானே குனிந்து எடுத்தேன். அவருடைய இருபத்து மூன்று நாள் எவ்வளவு பெரிதென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றே சீட்டு எழுதினேன். நாற்று மேடையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றும்படி எழுதி, தோட்டத்தை நிர்வகித்த துரை வழியாகக் கம்பெனியின் வைத்திய அதிகாரிக்கு அனுப்பினேன். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். இப்போது அதிகாரி மாறியிருந்தார். நோயாளி முதலில் வந்த தேதிக்கும் சீட்டின் தேதிக்கும் இடையில் ஏன் இவ்வளவு இடைவெளி என்று விளக்கம் கேட்டார். நியாயமான கேள்வி. ‘நிர்வாகக் காரணங்கள்’ என்று எழுதினேன். நினைவூட்டல் இரண்டு போட்டேன். அதற்குள் நோயாளி சலிக்கும் அறைக்குக்கூட நடக்க முடியாமல், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் படுத்துவிட்டார்.

பதில் வந்ததும் நானே அவருடைய லயத்து அறைக்குக் கொண்டுபோய் வாசித்தேன். மாற்றம் அனுமதிக்கப்பட்டிருந்தது. சுவரில் சாய்த்து வைத்த மூட்டைமேல் தலையை வைத்திருந்தவர், கவனமாகக் கேட்டுவிட்டு, “நாளைக்கே வரணுங்களாய்யா?” என்றார். அவருடைய மனைவி என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரை ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று மற்றவர்கள் எழுதப் பார்த்திருக்கிறேன். நான் எழுதியதில்லை. அது பெருந்தன்மை இல்லை. அந்தச் சொல்லை எழுதப் போகும்போதெல்லாம் ஒரு தேதி முன்னால் வந்து நிற்கிறது, அந்தப் பதில் என் கைக்கு வந்த தேதி: 1961 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.