கிரேன்காரனுக்கு ரோபோ ஆபரேஷன்

இரண்டாயிரங்களின் கடைசியில் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கூரையை ஒட்டித் தொங்கும் கூண்டில் ஏறிவிட்டால் ஷிப்ட் முடிந்துதான் இறங்கலாம். எனக்கோ பிராஸ்டேட் வீங்கி, ஒன்றுக்கு முட்டிக்கொண்டே இருக்கும். அடிக்கடி இறங்கினால் கிரேனைப் பிடுங்கி, கீழே கூலி வேலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் ஏறுவேன். கிரேன்காரர்களுக்கெல்லாம் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அடுத்த ஷிப்ட்டில் அதே கிரேனை ஓட்டியவனுக்கும் அதே வியாதி. ஆனால் அவனுக்கு டில்லியில் ஒரு மருமகன் இருந்தான். மாமனாரை விமானத்தில் கூட்டிப்போய் ரோபோ ஆபரேஷன் செய்து அனுப்பினான். என் மருமகன் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் டீக்கடை வைத்திருந்தான்.

"டாக்டரு நம்மள மாதிரிதாம்பா. தள்ளி குந்திகினு லீவர ஆட்றாரு, மிசின் கை உள்ள பூந்து வேல செய்து" என்று கேன்டீனில் அளந்தான். மயக்கத்தில் கிடந்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. பேசிக்கொண்டே ஒரு ஜக்குத் தண்ணீரை மடமடவென்று குடித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் ஷிப்ட் முடியும் நேரத்தில் எனக்கு அடியோடு அடைத்துக்கொண்டது. ஏணியில் கால் வைக்க முடியவில்லை. வேலைக்கு வந்த அவனே ஏறிவந்து, தாங்கிப் பிடித்து இறக்கி, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

டியூப் போட்டு மூத்திரத்தை இறக்கிய டாக்டர், "தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கிக் கெடுத்துக்கிட்டீங்க பெரியவரே. ஒண்ணுக்குப் போற வழியாவே கருவி விட்டுச் சுரண்டி எடுத்துடலாம்" என்றார்.

"ரோபோ இல்லீங்களா?"

"அது ரொம்பப் பெரிசா வீங்கினவங்களுக்கு. உங்களுது அவ்வளவு இல்ல."

அதிலும் அவன்தான் பெரியவன்.

டாக்டர் போனதும் கட்டிலோரம் உட்கார்ந்தான். "கிரேனு போயிடும்னு பயப்படாத. சூப்ரவைசராண்ட பேசிட்டன். நீ வர்ற வரிக்கும் ரெண்டு ஷிப்ட்டும் நானே ஓட்றன். வேற எவனையும் ஏறவுட மாட்டன்."

என் வேலை தப்பித்தது. நன்றி சொல்லியிருக்க வேண்டும். இரண்டு ஷிப்ட்டும் இறங்காமல் உட்கார இவனால் முடிகிறதே என்றுதான் வயிறு எரிந்தது.