ஜீப்புக்கு ஒரு கறுப்புச் சட்டை

"இதப் புடி. மெதுவா. மடிச்சிராத."

றுஸ்தா ராத்தா நீட்டிய சுருளை ஸம்றா இரண்டு கையாலும் வாங்கினாள். பாரமாக இருக்கும் என்று காலை ஊன்றி நின்றவள், அது பஞ்சுபோல வரவே பின்னால் சரிந்து கதவில் முட்டிக்கொண்டாள்.

"என்ன ராத்தா, உள்ளுக்கு ஒன்டும் இல்லையா?"

"துணிதான் இரிக்கு. விரிச்சிப் பாரு."

விரித்தாள். நல்ல கறுப்பு. பாய் பின்னியது போன்ற நெசவு. வெளிச்சத்துக்குத் திருப்பினால் மீன் செதிலாக மினுங்கியது.

"வடிவா இரிக்கே. ஆருக்கு அபாயா?"

"ஜவுபர் காக்காட ஜீப்புக்கு."

"ஜீப்புக்கா?"

"ஓம். அதுட பொனட்டு உப்புக்காத்துல உக்கிப் போச்சாம். புதுசு தைக்கப் போறன்."

"அப்ப ராத்தா, இது காபன் பைபர். இதெல்லாம் பெரிய கம்பனியள்ல…" என்று ஸம்றா தொடங்கிய வாக்கியம் பாதியிலேயே காற்றோடு போயிற்று. எப்போதும் அப்படித்தான்.

"என்ன? உன்ட கதை கேக்கிறதுக்குக் காதுக்கும் ஒரு கண்ணாடி வாங்கணும் போல. சத்தமாச் சொல்லு புள்ள."

"ஏலுமா என்டு கேட்டன்."

"ஏலும். ஜவுபர் காக்காக்கிட்ட ஒரேயொரு நிபந்தனைதான் சொல்லியிருக்கன். இதுல என்ட பேரு இரிக்கணும்."

அதைச் சொல்லிவிட்டு றுஸ்தா சிரித்த சிரிப்பில் மதில்மேல் இருந்த பூனை இறங்கி ஓடியது.

நிந்தவூரில் அந்தத் தெருவுக்கு வருகிறவர்களுக்கு றுஸ்தாவின் வீட்டை யாரும் காட்டத் தேவையில்லை. சிரிப்புச் சத்தம் வருகிற பக்கம் நடந்தால் போதும். நாற்பதைத் தொட்ட வயது. கல்முனையில் ஒரு கடைக்குப் பெண்கள் மேலே அணியும் அபாயா தைத்துக் கொடுப்பாள். பக்கத்து வீட்டு ஸம்றா கண்டியில் சிங்களத்தில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள், வாய் திறக்கக் கூலி கேட்பவள். இந்த இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று தெருவுக்கே விளங்கவில்லை. ஒருத்தி கதைத்துக்கொண்டே இருக்க ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தால் சேராமல் என்ன?

இருவரும் கல்முனைக்கு பஸ் ஏறினால், முன்சீட்டில் இருக்கும் பெண்ணின் தோள்மடிப்பைக் கண்டதும் றுஸ்தா ஸம்றாவின் விலாவில் இடிப்பாள். "என்ட கை." ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்தப் பெண்ணின் தோளையே தட்டிவிட்டாள்.

"தங்கச்சி, இது நான் தைச்சது."

"இல்லயே, இது துபாயில இருந்து வந்த" என்றாள் அவள். கழுத்துக்குள்ளிருந்த லேபலையும் திருப்பிக் காட்டினாள். அதில் றுஸ்தா தைத்துக் கொடுக்கும் அதே கல்முனைக் கடையின் பெயர் பொன்னிற எழுத்தில் இருந்தது.

கல்முனை வரும்வரை றுஸ்தா சிரித்துக்கொண்டே போனாள். இறங்கிய பிறகு கடை வாசல்வரை ஒரு சொல் பேசவில்லை. அவள் பேசாமல் நடந்ததை ஸம்றா அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டாள்.

ஜீப் கதை றுஸ்தாவிடம் வந்து சேர்ந்தது அவள் தம்பி அப்ராஸால். கடற்கரையில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிறவன் அவன். அண்ணன் முறையில் ஊரே காக்கா என்று கூப்பிடும் ஜவுபருக்குச் சவளக்கடைப் பக்கம் வயல். வயலைவிட ஜீப்பில் ஆசை. ஆண்டுதோறும் சிறுபோக அறுவடை முடிந்ததும், நாவிதன்வெளியில் வெறுமையாய்க் கிடக்கும் வயலுக்குத் தண்ணீர் விட்டுச் சேறாக்கி நடத்துகிற ஜீப் ஓட்டத்தில், ஒவ்வொரு முறையும் மூக்குப் புதைந்து நிற்பது அவருடைய ஜீப்தான். பழைய பொனட்டும் உக்கிப்போன நேரத்தில், முன்பாரம் குறைந்தால் மூக்கு மிதக்கும் என்று யாரோ சொல்ல, கொழும்பிலிருந்து இந்தத் துணியை வரவழைத்து அப்ராஸிடம் கொடுத்தார். அப்ராஸ் பழைய பொனட்டிலிருந்து அச்செடுத்து, ஒரு துண்டை அதில் பரப்பிப் பார்த்தான். வளைவிலெல்லாம் சுருக்கம் விழுந்தது. சாப்பாடு கொண்டுபோன றுஸ்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

"டேய், கைக்குழி வளைவுக்கு ஆராச்சும் துணிய நேரா வெட்டுவானா? கிராஸா வெட்டுடா. அப்பதான் இழுத்த பக்கம் வளையும்."

"ராத்தா, இது சட்டை இல்ல."

"துணி என்டா எல்லாம் சட்டைதான்."

கத்தரிக்கோலைப் பறித்து ஒரு துண்டைச் சரிவாக வெட்டிப் போட்டாள். அது அச்சின் மூலையில் போய், பூனைக்குட்டி மடியில் படுத்ததுபோல ஒட்டிப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கத்தரிக்கோல் அப்ராஸிடம் திரும்பவில்லை.

அதன்பின் றுஸ்தாவின் முன்னறையில் அபாயாக்கள் ஒரு பக்கம் தொங்க, மறுபக்கம் ஜீப்பின் மூக்கு படுத்திருந்தது. நூல் பிரியாமல் ஓரமெல்லாம் டேப் ஒட்டினாள். பின்னல் கோடு நடுவில் வளையாமல் நேரே ஓட வேண்டும் என்று ஸம்றாவை ஒரு முனையைப் பிடிக்க வைத்தாள். றெசின் பசை பூசியதும் எல்லாவற்றையும் பெரிய பொலித்தீனால் மூடி, பழைய ஐஸ்பெட்டி மோட்டரால் உள்காற்றை அப்ராஸ் உறிஞ்சினான். பொலித்தீன் சர்ரென்று துணியோடு ஒட்டியது. "பார்ரா, இடுப்பளவு சரியா வந்திரிச்சி!" என்று றுஸ்தா துள்ளிய துள்ளலில் மோட்டரின் வயரே கழன்றுபோய், மூவரும் அதைத் திரும்பச் செருக ஓடினார்கள்.

இறுகியபின் அச்சிலிருந்து கழற்றினார்கள். கறுப்புக் கண்ணாடிபோல இருந்தது. ஸம்றா தன் முகத்தை அதில் பார்த்தாள்.

"ராத்தா, பேரு எங்க?"

"இரிக்கு." றுஸ்தா பெருமையோடு பொனட்டைக் கவிழ்த்துக் காட்டினாள். அடிப்பக்கத்தில், றெசினுக்குள் பத்திரமாக, ஒரு துண்டுத் துணி. மஞ்சள் நூலால் கையால் பின்னிய எழுத்து: றுஸ்தா, நிந்தவூர்.

ஸம்றா அதைப் பார்த்தாள். பிறகு ராத்தாவைப் பார்த்தாள். "பொனட்ட மூடினா இத ஆரு பாக்கிற?"

றுஸ்தா பொனட்டை ஒருமுறை நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்துப் பார்த்தாள். வெளியே தெரிய வேண்டுமானால் அச்சோடு ஒட்டுகிற பக்கந்தான் மேற்பக்கம் என்பதால், அந்த லேபலை அச்சில் எல்லாத் துணிக்கும் முன்பே வைத்திருக்க வேண்டும். தையற்காரிக்கு லேபல் வைப்பது கடைசி வேலை, அதுவும் உள்பக்கம். இத்தனை வருடம் பழகிய கை, தன் பெயரையும் கடையின் பெயரைப்போலவே உள்ளே கொண்டுபோய் ஒளித்துவிட்டது.

"யா அல்லாஹ்!" என்றாள். அப்படியே நிலத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "சட்டைக்கு வெளிய லேபல் வெச்சா விசரி என்டுவாங்கடா! நான் என்ன செய்ய?"

"மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவம்" என்றான் அப்ராஸ்.

"ஸ்டிக்கரா? நான் தைச்சதுக்குப் பேர ஸ்டிக்கர் கடைக்காரன் வைக்கிறதா? வேணாம். கிடக்கட்டும்." சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. கையோ அந்த மஞ்சள் எழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

ஓட்ட நாளில் மேற்கேயிருந்து கச்சான் காற்று தலைமுடியைப் பிடுங்குவதுபோல் வீசியது. எல்லா மாவட்டத்திலிருந்தும் ஜீப்புகள் வந்து நின்றன. ஒலிபெருக்கியில் சிங்களத்தில் ஒருவர் ஒவ்வொரு ஜீப்பாக அறிமுகம் செய்துகொண்டிருந்தார். ஜவுபரின் ஜீப்பைச் சுற்றிக் கூட்டம். பொனட்டைத் தொட்டுப் பார்க்கிறவர்கள், தட்டிப் பார்க்கிறவர்கள், அதில் முகம் பார்த்துத் தலை சீவுகிறவர்கள்.

"ஆருட வேலை காக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

ஜவுபருக்கு மனமெல்லாம் ஓட்டத்தில். "நம்மட அப்ராஸ்ட வேலை" என்றார். அறிவிப்பாளரும் காதில் விழுந்த அந்தப் பெயரை அப்படியே ஒலிபெருக்கியில் சொன்னார். வயல் முழுக்க அப்ராஸின் பெயர் போய்வந்தது.

"ராத்தாட வேலைங்க! நான் மோட்டர் மட்டுந்தான் புடிச்ச!" என்று அப்ராஸ் கத்தினான். ஒலிபெருக்கிக்கு முன்னால் அது எங்கே எடுபடும்?

ஸம்றா திரும்பிப் பார்த்தாள். றுஸ்தாவுக்குக் கல்முனையில் கடை வாசல்வரை நடந்த அதே முகம்.

அப்போது பரிசோதகர் வந்து, இயந்திரத்தைப் பார்க்க வேண்டும், பொனட்டைக் கழற்றுங்கள் என்றார். ஜவுபர் பூட்டுக்கம்பிகளை எடுத்தார். "அப்ராஸ், உன்ட ஆக்களக் கூப்பிடு, தூக்கட்டும்!"

வேடிக்கை பார்க்க வந்திருந்த கடற்கரைக்காரர்கள் நால்வர் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டினார்கள். பிறந்ததிலிருந்து படகு தூக்கிய கைகள். அவர்களுக்குத் தெரிந்த பைபர் அதுதான். மூலைக்கு ஒருவராய் நின்று, மூச்சை இழுத்து, படகு தள்ளும்போது பாடுகிற அம்பாவையே எடுத்தார்கள்.

"ஏலேலோ… ஏலேல…"

"மெதுவா! மெதுவா!" என்று ஸம்றா சொன்னாள். அவளுக்கே கேட்கவில்லை.

"…தூக்கு!"

தூக்கினார்கள். படகுக்குரிய பலம் அத்தனையும் ஒரு பொனட்டுக்குப் போயிற்று. நால்வரும் மல்லாந்து விழ, பொனட் மட்டும் மேலே போனது. போனதைக் கச்சான் காற்று கையேந்தி வாங்கியது. பரிசோதகரின் தொப்பிக்கு மேலால், கடலைவண்டிக்கு மேலால், ஒரு பெரிய கறுப்புப் பட்டமாய் அது பறந்தது. வரம்பில் நின்ற கொக்குகள் எழும்பி அதற்கு வழிவிட்டன.

"என்ட பொனட்டு!" என்று ஜவுபர் தலையில் கைவைத்து ஓடினார். அப்ராஸ் ஓடினான். பரிசோதகர் ஓடினார், ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமலே கடலைக்காரரும் ஓடினார். றுஸ்தாவுக்கு என்ன வந்ததோ, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை இறங்கும்போது பெண்கள் இடுவதுபோல நாக்கைச் சுழற்றி ஒரு குரவை இட்டாள். அங்கங்கே நின்ற பெண்கள் பழக்கத்தில் தாங்களும் குரவை இட்டார்கள்.

பொனட் ஒரு சுழற்சி சுழன்று, சேற்றின் நடுவில் மல்லாந்து விழுந்தது. வெடிப்பில்லை, கீறலில்லை. தட்டுப்போல மிதந்தது. அதன் நடுவில், வெயிலில், மஞ்சள் எழுத்து பளிச்சென்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முழங்கால் சேற்றில் நின்ற கூட்டம் அதைச் சுற்றிக் குனிந்தது. அறிவிப்பாளரும் ஒலிவாங்கியோடு வந்து சேர்ந்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு மூச்சு வாங்கியது. எழுத்தைக் காட்டி, இது தமிழா, என்ன எழுதியிருக்கிறது, இவ்வளவு பறந்தும் உடையாத சாமானைச் செய்தது உண்மையில் யார் என்று சிங்களத்தில் கேட்டார். எழுத்தை வாசித்தவர்களுக்குச் சிங்களம் வராமல் போகவே, வரம்பில் நின்றவர்கள் பக்கமாக ஒலிவாங்கியை நீட்டினார். கீழே விழுந்து எழும்பிய நால்வரில் ஒருவர், "அந்தப் புள்ளைக்குச் சிங்களம் தெரியும்" என்று ஸம்றாவைக் கைகாட்டினார்.

வயல் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. ஸம்றா ஒரு அடி பின்னால் வைத்தாள். அங்கே றுஸ்தா நின்றாள். சிரித்துக் கலங்கிய கண்ணும், சேறு தெறித்த முகமுமாய் ஸம்றாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவளிடம் தனக்கென்று ஒன்றும் கேட்டிராதவள், காதோடு வாய்வைத்துக் கேட்டாள்.

"மைக்க வாங்கு புள்ள. இது என்ட கை என்டு சொல்லு. அந்தா, கடைசி ஜீப்புல ஏறி நிக்கிறவனுக்கும் கேக்கணும். இன்டைக்கு ஒரு நாளைக்கு, எனக்காக, கதைக்காத. கத்து."